திருப்தி ரேகை

சூரியன் வேலைக்கு வருவதற்குள் அவர்கள் தெருவின் பாதித் தோலை உரித்திருந்தார்கள். கடப்பாரை நுனியை இரண்டு கல்லுக்கு நடுவில் சொருகி, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்து நெம்பினால் முதல் கல் முனகிக்கொண்டே எழும். முதல் கல்தான் அடம் பிடிக்கும். அது வந்துவிட்டால் மற்றவை ஆடுகிற பல் மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். பனியில் ஊறிய சிமென்ட் கல் உள்ளங்கையில் சில்லிடும். ஒன்பது மணிக்கு மேல் அதே கல் சுடும். இரண்டுக்கும் நடுவில் கல் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருக்கும் அரை மணி நேரம் ஒன்று உண்டு. காண்ட்ராக்டர் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து நிற்பார். வேலை சுலபம் என்று முடிவுகட்டிக்கொண்டு போவார்.

ரசமட்டம் முழங்காலிட்டு மணலைக் கட்டையால் இழுத்துச் சமன்செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் தரையில் அரை விரற்கடை ஏற்ற இறக்கம் இருந்தாலும் கருவி வைக்காமலே கண்ணால் பிடித்துவிடுவாள் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொத்தனார்களின் ரசமட்டத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். அது நடுவில் நின்றால் தளம் மட்டம். அவளுக்கு அந்தக் குமிழி கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"அக்கா, இங்க பாரேன். உன் சொந்தக்காரன் வந்திருக்கான்."

தங்கை சின்னவள் ஒரு கல்லை நீட்டினாள். அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கிய புதுக் கல். அதன் முகத்தில் பூனையின் காலடி பதிந்திருந்தது. அச்சில் ஊற்றி ஈரம் காயும் முன் எந்தப் பூனையோ மிதித்துவிட்டுப் போன கல். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே தெருவில், டீக்கடை வாசலில், ரசமட்டம்தான் அதைப் பதித்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய கல் என்று பெயர்த்து லாரியில் ஏற்றினாள். ஒரு வாரம் கழித்துப் புதுக் கல் என்று திரும்பி வந்தது, பதித்தாள். போன வாரம் மறுபடி ஏற்றினாள். இப்போது குளித்து, முகம் கழுவி, மறுபடி புதுசாக வந்து இறங்கியிருந்தது.

"எத்தனை தடவ போனாலும் வீட்டுக்கு வழி தெரிஞ்சு வந்துடுது பாரு," என்றாள் ரசமட்டம். "நம்ம ஆளுங்களுக்கே இவ்வளவு பாசம் கிடையாது."

பக்கத்தில் சரளைக்கல் சுமந்துகொண்டிருந்த ஜல்லி சிரித்தான். அவன் சுமப்பதும் ஜல்லி, அடிப்பதும் ஜல்லி; ஆகவே பெயர் தேட யாரும் மெனக்கெடவில்லை. "அக்கா, பணம் மட்டும்தான் ஒரு தடவ போனா திரும்பி வராது. கல்லுக்கு ரோஷம் கிடையாது, வந்துடும்."

அந்தத் தெருவுக்கு இது மூன்றாவது தோல். கண்ணாடி ஆலையை மூடிய பிறகு ஊர் படுத்துவிட்டது. படுத்த ஊரை எழுப்ப அரசாங்கம் 'எழில்மிகு எழுச்சி நகரத் திட்டம்' கொண்டுவந்தது. ஆலையைத் திறப்பதெல்லாம் திட்டத்தில் இல்லை. அது பழைய சிந்தனையாம். தெருவுக்குக் கல் பதித்தார்கள். இரண்டு வருடம் கழித்து வந்து பார்த்தால் வறுமை எழுந்திருக்கவில்லை. முன்பு மண்ணில் உட்கார்ந்திருந்தது இப்போது கல்லில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். கல்லில்தான் கோளாறு என்று முடிவுசெய்து பெயர்த்துவிட்டு மறுபடி பதித்தார்கள். ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்பதும், அப்படிப் போனால் அதைவிடப் பெரிய அவமானம் ஓர் அலுவலகத்துக்குக் கிடையாது என்பதும் அந்தத் தெருவில் இருந்தவர்களுக்குத் தெரியாது. தங்கள் கஷ்டத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

வேலை மூன்று தடவையும் ஒன்றுதான். பெயர்தான் மாறியது. முதல் தடவை அவர்கள் 'தொழிலாளி', வாங்கியது 'கூலி'. இரண்டாம் தடவை 'பணிப் பங்காளர்', வாங்கியது 'ஊக்கத்தொகை'. கூலியைவிடக் கொஞ்சம் குறைவு, சொல்ல மட்டும் கம்பீரம். இந்தத் தடவை நாற்பத்திரண்டு பேரும் 'பயனாளி'. பயனாளி பாதி நாள் உழைப்பைத் தன் பங்களிப்பாகத் தர வேண்டும். பெயர் நீள நீளக் கூலி குட்டையாகிக்கொண்டே வந்தது.

"உங்க தெரு, உங்க கல்லு, உங்க நன்மை," என்று முதல் நாளே காண்ட்ராக்டர் விளக்கியிருந்தார். "உங்க நன்மைக்கு நீங்களே கூலி கேட்டா நியாயமா? நல்லாயிருக்கா சொல்லுங்க."

"அப்ப நீங்க வாங்குற லாபம் யாரு நன்மைக்கு சார்?" என்று ஜல்லி கேட்டான்.

"அது செலவு," என்றார் காண்ட்ராக்டர்.

நன்றாகத்தான் சொன்னார். அரசாங்கச் செலவில் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை அவரைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

*

அன்று பத்தரை மணிக்கு ஓரக்கல் இறக்கினார்கள். தெருவின் இரு கரையிலும் நிற்க வேண்டிய நீளக் கல். நான்கு பேர் பிடித்தால்தான் அசையும். நான்கில் இரண்டு பேரைக் காண்ட்ராக்டர் பந்தல்கால் நட அனுப்பியிருந்தார். இரண்டு நாளில் திட்ட அதிகாரி வருகிறார். தெரு முடியாவிட்டாலும் பரவாயில்லை, மேடை முடிந்தாக வேண்டும்.

"ரெண்டு பேர் வரட்டும் சார், அப்புறம் தூக்குறோம்," என்றாள் ரசமட்டம்.

"எப்பப் பாரு சாக்கு. ரெண்டு பேரு போதும், தள்ளுங்க."

தள்ளினார்கள். கல் பள்ளத்தில் உட்காரும்போது ஒரு முனை வழுக்கியது. சின்னவள் கத்தவில்லை. "அக்கா, கை," என்று மட்டும் சொன்னாள், ஏதோ மறந்துவைத்த பொருளைக் கேட்பது மாதிரி. ரசமட்டம் கடப்பாரையை எடுத்து நெம்பினாள். கல் எழுந்தபோது வலது கட்டைவிரல் இருந்த இடத்தில் விரல் மாதிரி ஒன்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு ஜன்னல்கள். முதல் ஜன்னல் வேலையில் அடிபட்டவர்களுக்கு. அங்கே சீட்டைப் பார்த்தவர், "இவங்க தொழிலாளி இல்லையே, பயனாளின்னுல்ல இருக்கு? அடுத்த ஜன்னல் போங்க," என்றார். அடுத்த ஜன்னல் ஏழைகளுக்கான இலவச சிகிச்சைக்கு. அங்கே இருந்தவர் கணினியைத் தட்டிவிட்டு, "இவங்க ஏற்கெனவே ஒரு திட்டத்துல பயனாளி. ஒரே நேரத்துல ரெண்டு திட்டத்துல பயனடைய முடியாதும்மா," என்றார். குரலில் லேசான கண்டிப்பு இருந்தது, பந்தியில் இரண்டாம் தடவை உட்கார வந்தவர்களைப் பார்ப்பதுபோல.

ரசமட்டத்துக்குக் கோபம் வர நேரமில்லை. காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். எலும்பை ஒட்டவைத்து, தைத்து, கையைப் பெரிய துணிப் பொட்டலமாக்கி அனுப்பினார்கள். "விரல் தங்கும்னு நினைக்கிறேன். ஆனா ஒரு வாரத்துக்குள்ள பெரிய டாக்டர் ஒருத்தர் நரம்பைச் சேர்த்துத் தைக்கணும். இல்லேன்னா அது சும்மா இருக்கும், பிடிக்காது," என்றார் டாக்டர். "மேல்தோல் புதுசா வந்து ரேகை விழ மூணு மாசமாவது ஆகும்."

பெரிய டாக்டரிடம் போக வேண்டுமானால் முதல் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். கல் பிடிக்கிற கைக்குக் கட்டைவிரல் இல்லை என்றால் மற்ற நான்கும் விருந்தாளிகள்தான்.

மறுநாள் காலை காண்ட்ராக்டரிடம் கேட்டாள். "வேலையில அடிபட்டதுன்னு ஒரு எழுத்து எழுதிக் குடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

"வேலையா? யாரு வேலை செஞ்சா?" காண்ட்ராக்டர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அவங்க பயனாளிம்மா. தொழிலாளிக்குத்தான் விபத்து வரும். பயனாளிக்குப் பயன்தான் வரும். சட்டமே அப்படித்தான்."

"அப்ப அவ கையில விழுந்தது பயனா?"

"இதான் உங்ககிட்ட பிரச்சனை. அரசாங்கம் கோடி கோடியா கொட்டுது, நன்றி கிடையாது. மட்டமான ஜனங்க."

"மட்டம் தட்டுறது உங்க வேலை சார். மட்டம் பாக்குறது என் வேலை. ரெண்டையும் குழப்பாதீங்க," என்றாள் ரசமட்டம். சொல்லிவிட்டு மணலுக்குத் திரும்பினாள். நல்ல பதில்தான். ஆனால் நல்ல பதிலைக் காட்டினால் முதல் ஜன்னலில் விடுவார்களா?

*

அன்று சாயங்காலம் காண்ட்ராக்டர் அவராகவே சின்னவளின் வீட்டுக்கு வந்தார். ஒற்றை அறை, கட்டில், அடுப்பு, மடித்த பாய். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவளின் கணவனுடைய டீக்கடை. பால் பொங்குகிற வாசனை சுவரைத் தாண்டி வந்தது. காண்ட்ராக்டரின் கையில் ரேகை வாங்குகிற சின்னக் கருவி இருந்தது.

"எப்படிம்மா இருக்க? கடவுள் புண்ணியம், தலையில விழல," என்றபடி கருவியை நீட்டினார். திரையில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: 'இத்திட்டத்தால் நான் பயனடைந்தேன். எனக்கு முழுத் திருப்தி.' அதற்குக் கீழே விரல் வைக்க ஒரு கண்ணாடிக் கட்டம். இல்லை என்று சொல்ல வேறு கட்டம் எதுவும் இல்லை.

"இடது கையை வைம்மா."

வைத்தாள். கருவிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: 'மன்னிக்கவும். ரேகை பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.'

"பதிவு பண்ணது வலது கட்டைவிரலாச்சே," என்று நெற்றியைத் துடைத்தார் காண்ட்ராக்டர். "கட்டை ஒரு நிமிஷம் அவிழ்க்க முடியுமா? லேசா வச்சா போதும்."

சின்னவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். டீக்கடைக்காரன் வாசலில் வந்து நின்றான், கையில் வடிகட்டி.

"அவிழ்த்தாலும் ரேகை இருக்காது சார்," என்றாள் ரசமட்டம். "நசுங்கிடுச்சு. மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா? நாளைக்கு மேடம் வர்றாங்க! நாப்பத்திரண்டு ரேகையும் ஏறினாத்தான் கணக்கு மூடும். ஒண்ணு குறைஞ்சாலும் மூடாது. மூடாம அடுத்த தவணைப் பணம் எனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதமாக நிறுத்தினார். ரசமட்டத்தின் கண்ணுக்குள் குமிழி ஒரு பக்கமாக நகரத் தொடங்கியது.

"சரி, கவலைப்படாதீங்க, வழி இருக்கு," என்று அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார். "பட்டியல்ல இருந்து ஒரு பேரை எடுக்க ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, இறந்துட்டாங்க. இன்னொண்ணு, வறுமையிலிருந்து மீண்டுட்டாங்க. முதல் காரணம் நமக்கு வேண்டாம், நல்லாயிருங்க. நாளைக்கு மேடம்கிட்ட சொல்லி ரெண்டாவதைப் போட்டுடறேன். இந்தத் தெருவுலேயே முதல்ல மீண்டது நீதாம்மா! மேடையில பொன்னாடை போடுவாங்க. சந்தோஷப்படு."

"மீண்டுட்டா?" என்று கேட்டாள் சின்னவள்.

"மீண்டவங்களுக்கு எதுக்கும்மா வேலை? எதுக்கு இலவச வைத்தியம்? அதெல்லாம் ஏழைங்களுக்கு."

சொல்லிவிட்டு எழுந்தார். போகிற போக்கில் ஒரு டீ குடித்தார். காசு கொடுக்கவில்லை, அதுவும் பங்களிப்பாக இருக்கலாம்.

*

வேலை முடிந்து டீக்கடை முன்னால் கூடியவர்களிடம் ரசமட்டம் நடந்ததைச் சொன்னாள்.  முதலில் டீக்கடைக்காரன்தான் வெடித்தான்.

"நான் அப்பவே சொன்னேன் அண்ணி. அரசாங்கம் குடுத்து எவன் வறுமையாவது போயிருக்கா? குடுக்கக் குடுக்கச் சோம்பேறியாத்தான் ஆவோம். நிறுத்தித் தொலைக்கட்டும், நம்ம கையை நாமளே..."

கை என்று வந்ததும் அவன் நிறுத்திக்கொண்டான். வடிகட்டியைத் தேவையில்லாமல் உதறினான்.

"தம்பி, உன் கடையில ரெண்டாவது பெஞ்சு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் ரசமட்டம்.

"அதுக்கென்ன இப்போ?"

"எப்போ போட்ட?"

அவன் யோசித்தான். "வெள்ளம் வந்த வருஷம்."

"வெள்ளம் வடிஞ்சு எண்பது நாள் நம்ம எல்லாரும் சேறு அள்ளினோம். அதுக்கும் அரசாங்கப் பணம்தான். நடுவுல யாரும் இல்ல. சாயங்காலமானா கூலி கையில. நீ பெஞ்சு போட்ட. செருப்பு தைக்கிறவர் ஊருக்குத் திரும்பி வந்தாரு. இவன் கல்யாணம் பண்ணிக்கிட்டான்."

"அதை நன்மையில சேர்க்காத அக்கா," என்றான் ஜல்லி.

"எண்பது நாள் முடிஞ்சுது. பெஞ்சு எங்க?"

"உடைச்சு அடுப்புல வச்சேன்," என்றான் டீக்கடைக்காரன் மெதுவாக.

"பணம் வந்தது தப்பில்ல தம்பி. நம்ம மேல செலவு பண்றாங்க, நம்மகிட்ட செலவு பண்ணல. தெருவுக்கு ஓரம் கட்டுறோம் பாரு, அந்த மாதிரி. தண்ணி நம்ம வாசல் வழியாத்தான் ஓடுது. ஆனா ஒரு சொட்டு உள்ள வராத மாதிரி நம்ம கையாலேயே கரை கட்ட வைக்கிறாங்க."

ஜல்லி தன் கட்டைவிரலை முகத்துக்கு நேராகப் பிடித்து, முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தான். "அப்ப அந்தத் தண்ணியைத் திறந்துவிடுற மதகு இதுதானா?"

"சின்னவளை மீண்டுட்டான்னு எழுதி எடுத்துட்டா மீதி நாப்பத்தோரு விரல் போதும் அவங்களுக்கு," என்றாள் ரசமட்டம். "அந்த நாப்பத்தொண்ணும் நம்மகிட்டதான் இருக்கு."

"பாதிக் கூலியும் போயிடுமே," என்றது ஒரு குரல்.

"போகலாம். அடுத்த தடவ என்ன பேரு வச்சு மீதியையும் எடுப்பாங்கன்னு யோசிச்சிட்டுச் சொல்லு."

 பிறகு டீக்கடைக்காரன் உள்ளே போய், டீ வடிகட்டப் புதிதாக வாங்கிவைத்திருந்த வெள்ளைத் துணி முழுவதையும் எடுத்துவந்து, பல்லால் கடித்து நீளநீளமாகக் கிழிக்க ஆரம்பித்தான்.

*

மறுநாள் காலை தெரு முடிந்திருந்தது, மேடைக்கு முன்னால் ஒரே ஒரு கல்லின் இடத்தைத் தவிர. அங்கே பதிக்க வேண்டிய பூனைக்கால் கல்லின் மேல் ரசமட்டம் உட்கார்ந்திருந்தாள்.

திட்ட அதிகாரி நல்ல பெண்மணி. மெதுவாகப் பேசினார், எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். முதல் கேள்வியை ரசமட்டத்திடமே கேட்டார்.

"இவ்வளவு செலவு செய்தும் நீங்க ஏழையாவே இருக்கறதுக்கு என்ன காரணம்னு நினைக்கிறீங்க? கல்வியின்மையா, விழிப்புணர்வு இல்லாததா, இல்ல வேற ஏதாவதா?"

"தெரியலயே மேடம். நாங்க மூணு தடவையும் கல்லை மட்டமாத்தான் பதிச்சோம்."

அதிகாரி 'விழிப்புணர்வு' என்பதை வட்டமிட்டார். காண்ட்ராக்டர் கருவியோடு முன்னால் வந்தார். "ரேகை ஆரம்பிக்கலாமா மேடம்? ஒவ்வொருத்தரா வாங்க."

முதலில் ஜல்லி வந்தான். வலது கையை நீட்டினான். கட்டைவிரலில் வெள்ளைத் துணி, விரல் தெரியாதபடி தடிமனாகச் சுற்றியிருந்தது.

"என்னடா இது?"

"பயன் சார். நேத்து விழுந்துடுச்சு."

அடுத்தவள் வந்தாள். வெள்ளைத் துணி. அதற்கடுத்தவர். வெள்ளைத் துணி. வரிசை நீண்டு திரும்பி டீக்கடை வரைக்கும் போயிற்று. வெயிலில் நாற்பது வெள்ளைக் கட்டைவிரல்கள், கடைசியில் டீ நெடியோடு நாற்பத்தொன்றாவது. வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லாத டீக்கடைக்காரனும் ஒரு கட்டோடு நின்றான். காண்ட்ராக்டரின் விரல் எங்கேயோ தவறாகப் பட்டு, கருவி யாரும் கேட்காமலே இனிமையாகச் சொன்னது: 'மன்னிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்.' திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தெருவிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே குரல் அதுதான்.

காண்ட்ராக்டர் முகம் கறுத்தது. "மேடம், எல்லாரையும் மீண்டுட்டாங்கன்னு போட்டுடுங்க! திமிரு புடிச்ச கூட்டம். கிடந்து சாகட்டும்."

அதிகாரி முதல் தடவையாகப் புன்னகையை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, "முட்டாள்தனமா பேசாதீங்க. ஏழையே இல்லாத ஊருக்கு அடுத்த வருஷம் யாரு பணம் ஒதுக்குவா?" என்றார்.

தாழ்த்தியது போதவில்லை. எல்லோருக்கும் கேட்டது. வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, கடைசி ஆள் வரை போய், திரும்பி வந்தது.

ரசமட்டம் எழுந்தாள். "மேடம், எங்களுக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம். அந்தப் பட்டியல்ல பயனாளின்னு இருக்கற எடத்துல தொழிலாளின்னு எழுதுங்க. நாலு எழுத்தோ அஞ்சு எழுத்தோ. அதை எழுதினா எந்தங்கச்சி முதல் ஜன்னலுக்குப் போவா. எங்களுக்கு முழுக் கூலி வரும். அப்புறம் ரேகை என்ன, பத்து விரலும் வைக்கிறோம்."

"அப்படியெல்லாம் ஒரு வார்த்தையை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"ஏற்கெனவே ரெண்டு தடவ மாத்துனீங்களே?"

அதிகாரி படிவத்தை மடித்தார். போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். காண்ட்ராக்டர் அவர் பின்னாலேயே போனார். பந்தல் துணிக்குப் பின்னால் இரண்டு நிழல்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசின. ரசமட்டம் மறுபடி கல்லில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. பூமாலைகள் வாடத் தொடங்கின. சின்னவள் தன் பெரிய பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உண்மையான கட்டு அது ஒன்றுதான். ஆனால் இப்போது கூட்டத்தில் அது தனியாகத் தெரியவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள் சின்னவள். "ஆனா நேத்து மாதிரி இல்ல."

அதிகாரி திரும்பி வந்தார். "மேலே கேட்டிருக்கேன். அவங்களும் மேலே கேக்கணுமாம். எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பீங்க?"

ரசமட்டம் தெருவைப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது.

"ரேகை வளர மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு மேடம்," என்றாள். "எங்க எல்லாருக்கும்."

சொல்லிவிட்டுத் தன் கல்லின் மேலேயே இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அந்தத் தெருவில் இதுவரைக்கும் திருப்தியாக ரேகை வைத்திருந்தது அந்தப் பூனை ஒன்றுதான். டீக்கடைக்காரன் நாற்பத்திரண்டு டம்ளரையும் வரிசையாக வைத்தான். வடிகட்டத் துணி இல்லை. தூளோடு ஊற்றினான், யாரும் குறை சொல்லவில்லை.